கல்யாண சி.டி. ஓடவில்லையா? கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்!

அலமாரியின் மேல் தட்டில் ஒரு துணிப்பை. பைக்குள் 3 சி.டி.க்கள். உறையின் மேல் மணமகனும் மணமகளும் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். கீழே ஆண்டு போட்டிருக்கிறது: 2004.

இப்படி ஒரு பை பல வீடுகளில் இருக்கிறது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று எது நடந்தாலும், வீடியோக்காரர் படம் பிடித்து சி.டி.யில் போட்டுக் கொடுத்த காலம் அது.

அந்தத் தட்டில் இருப்பது பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டுமா? பந்தியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் தாத்தா இருக்கிறார். ஆரத்தி எடுக்கும் அத்தை இருக்கிறார். இன்று அவர்கள் உயிரோடு இல்லை. அவர்களுடைய நடையும் குரலும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன.

ஒரு நாள் பேத்தி கேட்கிறாள்: "பாட்டி, தாத்தா எப்படிப் பேசுவாரு?"

சி.டி.யை எடுக்கிறார்கள். கூடத்து மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். "கிர்... கிர்..." என்று சத்தம் வருகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. படம் வரவில்லை!

"சி.டி. போச்சு" என்கிறார் ஒருவர்.

"கம்ப்யூட்டரே போச்சு. எடைக்குப் போட்டுடலாம்" என்கிறார் இன்னொருவர்.

இரண்டும் அவசரப் பேச்சு. பெரும்பாலும் போவது சி.டி.யும் அல்ல, கம்ப்யூட்டரும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கிற டிரைவ்தான் போயிருக்கும். டிரைவ் என்பது சி.டி.யை உள்ளே இழுத்துக்கொண்டு சுழற்றிப் படிக்கிற கருவி. அதை மட்டும் கழற்றி வேறு ஒன்று மாட்டலாம். வீட்டிலேயே மாட்டலாம். பழைய டிரைவ் வாங்கினால் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

கெட்டது எது?

முதலில் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டும்.

ஓடாத சி.டி.யைப் பக்கத்து வீட்டு டி.வி.டி. பிளேயரிலோ வேறு கம்ப்யூட்டரிலோ போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் சி.டி. நல்லது. அடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் வேறு நல்ல சி.டி.யைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் சந்தேகம் வேண்டாம். டிரைவ்தான் கெட்டிருக்கிறது.

டிரைவ் எப்படிக் கெட்டது என்பதையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லையா? பல டிரைவ்களில் தட்டைத் தள்ளுவது ஒரு சிறு ரப்பர் பெல்ட். தையல் மிஷின் பெல்ட் நாளாக ஆகத் தொளதொளத்துப் போகிறது அல்லவா? அதுபோல இதுவும் தளர்ந்து போகும்.

தட்டு வருகிறது, போகிறது, ஆனால் எதையும் படிக்கவில்லையா? உள்ளே இருக்கிற கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம். அல்லது லேசர் விளக்கு வலு இழந்திருக்கலாம்.

சி.டி. ஓடுகிறது, டி.வி.டி. மட்டும் ஓடவில்லையா? இது பலரைக் குழப்பும். சி.டி.க்கு ஒரு லேசர், டி.வி.டி.க்கு ஒரு லேசர் என்று டிரைவுக்குள் இரண்டு உண்டு. ஒன்று அணைந்து, மற்றொன்று உயிரோடு இருக்கலாம்.

தூசி துடைக்க என்று சிறு தூரிகை ஒட்டிய சி.டி.க்கள் கடைகளில் விற்கின்றன. தூசி மட்டும் கோளாறாக இருந்தால் பலன் தரும். லேசர் மங்கியிருந்தால் எத்தனை முறை துடைத்தாலும் பயன் இல்லை. ஒரு முறை பார்க்கலாம். அதற்கு மேல் காசைச் செலவழிக்க வேண்டாம்.

தலைமுடி அகலத்தில் 40 வரி

உள்ளே நடப்பது என்ன? தெரிந்துகொள்வோம்.

சி.டி.யை உண்டாக்கியவர்கள் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பான் நாட்டு சோனி நிறுவனமும். 1982-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. முதலில் அது பாட்டுக் கேட்க மட்டும்தான். ஒரு தட்டில் சுமார் 74 நிமிடப் பாட்டு. 1993-ல் வீடியோ சி.டி. வந்தது. அதிலும் ஏறக்குறைய 74 நிமிடப் படம்தான் அடங்கும். உங்கள் வீட்டுக் கல்யாணம் ஏன் 3 தட்டாக வந்தது என்று இப்போது புரிகிறதா?

கிராமபோன் தட்டில் வரி இருக்கும். அது வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். சி.டி.யிலும் வரி உண்டு. ஆனால் அது நடுவிலே தொடங்கி வெளியே போகும். ஒரே வரிதான். சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே போகிறது. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோ மீட்டருக்கு மேல் வரும்! நம் தலைமுடி ஒன்றின் அகலத்தில் சுமார் 40 சுற்றுகள் அடங்கிவிடும். டி.வி.டி.யில் அதைப்போல இரண்டு மடங்கு நெருக்கம்.

அந்த வரியில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உள்ளன. லேசர் ஒளி அதன் மேல் படுகிறது. சமதளத்தில் பட்டால் ஒளி நன்றாகத் திரும்பி வருகிறது. குழியில் பட்டால் மங்கலாக வருகிறது. இந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டர் படித்து, படமாகவும் பாட்டாகவும் ஆக்கித் தருகிறது. வீடியோக்காரர் பதிந்து கொடுத்த தட்டுகளில் குழிக்குப் பதிலாகச் சாயம் உண்டு. லேசர் சூட்டில் அந்தச் சாயம் புள்ளி புள்ளியாகக் கருத்திருக்கும். படிக்கிற முறை ஒன்றுதான்.

ஒளியைக் குவிப்பது ஒரு சிறு கண்ணாடி. அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. தட்டு சுழலச் சுழல அது மேலும் கீழும், இப்படியும் அப்படியும் அசைந்து வரியை விடாமல் தொடர வேண்டும். வேகமான டிரைவில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10 ஆயிரம் முறை கூடச் சுழலும். இவ்வளவு நுட்பமான வேலையைப் பல ஆண்டுகள் செய்த டிரைவ் ஒரு நாள் ஓய்ந்துபோவதில் வியப்பு இல்லை.

இதிலே ஓர் எச்சரிக்கை. விரிசல் விட்ட சி.டி.யை டிரைவில் போடவே கூடாது. அந்த வேகத்தில் அது உள்ளேயே சிதறிவிடும்.

எதை வாங்குவது?

கடைக்கு ஓடுவதற்கு முன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, டிரைவின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வகை உண்டு.

நாடா மாதிரி அகலமான, தட்டையான வயர் வருகிறதா? அது ஐ.டி.இ. என்னும் பழைய வகை.

விரல் அகலமே உள்ள ஒல்லியான வயர் வருகிறதா? அது சாட்டா வகை. 2003-ல் வரத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பழைய வகையை ஓரங்கட்டிவிட்டது.

உங்கள் பெட்டியில் எது இருக்கிறதோ அதையேதான் வாங்க வேண்டும். ஒன்றின் வாயில் மற்றொன்று நுழையாது. சந்தேகம் என்றால் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள். இந்தப் படம் திரும்ப மாட்டும்போதும் உதவும்.

சி.டி. மட்டும் படிக்கும் டிரைவைத் தேட வேண்டாம். டி.வி.டி. டிரைவ் இரண்டையும் படிக்கும்.

சாட்டா டிரைவ் புதிதாகவே கிடைக்கிறது. ஐ.டி.இ. டிரைவுக்குப் பழைய பொருள் கடைதான் கதி. சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய பொருட்களைத் தேடிப் பிடிக்கலாம். பெரிய ஊர்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைகளிலும், கழற்றிப் போட்ட பெட்டிகளில் இருந்து எடுத்துத் தருவார்கள். பழையது வாங்கினால் ஒரு சி.டி.யும் ஒரு டி.வி.டி.யும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா?

இன்றைய கம்ப்யூட்டர்களில் டிரைவே இல்லாதது பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2008-லேயே டிரைவ் இல்லாத மடிக் கம்ப்யூட்டரை விற்றது. பிறகு மற்றவர்களும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தார்கள். ஆகவே, "பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்று கடையில் சொன்னால் ஒன்றை யோசியுங்கள். அந்தப் புதுப் பெட்டியில் உங்கள் கல்யாண சி.டி.யை எங்கே நுழைப்பது?

(மடிக் கம்ப்யூட்டர் மட்டும் இருக்கிறவர்களுக்கு: யு.எஸ்.பி. வயரில் மாட்டுகிற வெளி டிரைவ் விற்கிறது. அதற்குப் பெட்டியைத் திறக்கும் வேலையே இல்லை.)

பிளக்கைப் பிடுங்குங்கள்!

இனி வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் செய்யலாம். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை முறைப்படி அணையுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. சுவரில் இருந்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கிற மின்சாரம் இறங்கிவிடும்.

பழைய டிரைவுக்குள் சி.டி. மாட்டிக்கொண்டிருக்கிறதா? இழுக்காதீர்கள். டிரைவின் முகப்பில் ஊசி நுழைகிற அளவு சின்ன ஓட்டை இருக்கும். காகிதம் கோக்கிற கம்பிக் கிளிப்பை நிமிர்த்தி, அந்த ஓட்டையில் நேராக அழுத்துங்கள். தட்டு கொஞ்சம் வெளியே வரும். பிறகு கையால் மெதுவாக இழுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக டிரைவ் வைத்திருப்பவர்களுக்குக் கூட இந்த ஓட்டை எதற்கு என்று தெரிவதில்லை!

பெட்டியின் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றுங்கள். டிரைவின் இருபுறமும் ஸ்குரூ இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி உடுத்தியிருந்தால் உடம்பில் மின்சாரம் சேர்ந்திருக்கும். நமக்கு அது தெரியாது. நுண்ணிய பாகங்களுக்குத் தெரியும்.

மின்சாரம் வந்து சேரும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். காற்றாடி வைத்த பெட்டி. பவர் சப்ளை என்பார்கள். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி இருக்கும்.

கழற்றுவது

டிரைவின் பின்பக்கம் வரும் வயர்களை எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையில் உள்ள பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். பழைய வகையில் மின்சார வயர் நான்கு: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு கறுப்பு. இது இறுகிப் போயிருக்கும். இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தால் வரும். சாட்டா வயரில் சிறு தகட்டுக் கொக்கி இருந்தால், அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும்.

இப்போது ஸ்குரூக்கள். பக்கத்துக்கு இரண்டு இருக்கலாம், நான்கும் இருக்கலாம். கழற்றியதை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். இவை ஹார்டு டிஸ்க் ஸ்குரூவைவிட மெலிதானவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டுத் திருகினால் மரை தேய்ந்துவிடும். நீளமான ஸ்குரூவும் ஆகாது. உள்ளே குத்தி டிரைவைக் கெடுத்துவிடும்.

பிறகு டிரைவைப் பின்னால் இருந்து தள்ளி, முன்பக்கமாக உருவுங்கள். சில பெட்டிகளில் முன்பக்க பிளாஸ்டிக் முகப்பைக் கழற்றினால்தான் வழி கிடைக்கும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் முரட்டுத்தனம் கூடாது. வரவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்குரூவோ கொக்கியோ மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

மாட்டுவது

வந்த வழியே புது டிரைவை உள்ளே செலுத்துங்கள். முகப்பு வரிசையாக நிற்கட்டும். ஸ்குரூக்களைப் போடுங்கள். வயர்களை மாட்டுங்கள்.

சாட்டா என்றால் இதோடு சரி. வயரின் வாய் எல் எழுத்தைப்போல் வளைந்திருப்பதால் தப்பாக மாட்ட வழியே இல்லை.

ஐ.டி.இ. என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நாடா வயரின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அந்த ஓரம் மின்சார வயர் இருக்கிற பக்கமாக வர வேண்டும். அடுத்தது, டிரைவின் பின்னால் வரிசையாகச் சிறு ஊசிகள் நிற்கும். அதில் இரண்டு ஊசிகளைச் சேர்த்து ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். ஒரே வயரில் இரண்டு கருவிகள் மாட்டியிருந்தால், யார் முதல், யார் இரண்டாவது என்று சொல்வது அந்த மூடிதான். பழைய டிரைவில் மூடி எந்த இடத்தில் இருந்ததோ, புதியதிலும் அதே இடத்தில் போடுங்கள். டிரைவ் வேலை செய்யவில்லை என்று திரும்பக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் பலர் இந்த மூடியைப் பார்க்காதவர்கள்!

தகடுகளை மூடும் முன்பே ஓட்டிப் பாருங்கள். உள்ளே கையை விடாமல் பிளக்கைச் செருகி, கம்ப்யூட்டரைப் போடுங்கள். டிரைவின் பொத்தானை அழுத்தினால் தட்டு வர வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.யும் அதற்குப் பின் வந்தவையும் புது டிரைவைத் தாமாகவே தெரிந்துகொள்ளும். தெரியவில்லை என்றால் மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயர்களை அழுத்திப் பாருங்கள்.

10 நிமிட வேலை என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கழற்றிய பழைய டிரைவைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். அதைப் பிரித்து மின்சாரம் கொடுத்து எட்டிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. சி.டி. படிக்கிற லேசர் ஒளி நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. தெரியாததாலேயே ஆபத்து அதிகம். மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

முதல் வேலை என்ன?

படம் ஓடுகிறது! தாத்தா பேசுகிறார். எல்லோரும் கூடி உட்கார்ந்து பாருங்கள். ஆனால் அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். சி.டி.யில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்து வையுங்கள்.

டிரைவை மாற்றிவிட்டோம். தட்டை மாற்ற முடியாதே! பதிந்த சி.டி.யில் இருக்கும் சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப் போகும். ஓரத்தில் காற்றும் ஈரமும் புகுந்தால் உள்ளே உள்ள பளபளப்புப் பூச்சும் கெடும்.

போடுவதற்கு முன் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகக் கீறல் விழுந்தால் அது வரியோடு வரியாக ஓடி, நிறைய இடத்தை அழித்துவிடும். கீறலுக்குப் பற்பசை தேய்க்கச் சொல்வார்கள். தேவையில்லாத சோதனை. படிக்கிற வரை படிக்க விட்டு, முதலில் நகல் எடுங்கள்.

பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சி.டி.யில் உண்மையில் மென்மையான பக்கம் படம் ஒட்டிய மேல்பக்கம். அதன் அடியில்தான் பதிவு இருக்கிறது. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவே போய்விடும்.

வீடியோ சி.டி.யைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்று ஒரு போல்டர் இருக்கும். படம் அதற்குள்தான். டி.வி.டி.யாக இருந்தால் 'வீடியோ_டி.எஸ்.' என்ற போல்டர். அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். பழைய தட்டு என்றால் நேரம் பிடிக்கும். பாதியில் நின்றாலும் மனம் தளர வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு. உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் முயன்று பாருங்கள்.

எடுத்த நகலை ஒரு பென் டிரைவிலும் போடுங்கள். 32 ஜி.பி. பென் டிரைவில் 30 சி.டி.க்கு மேல் அடங்கும். இன்னொரு நகல் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். பென் டிரைவும் ஒரு நாள் கெடுகிற பொருள்தான்.

நகல் எடுக்கும்போது ஒரு மோசம் நேருவது உண்டு. வீடியோ சி.டி.க்குள் இருக்கும் படத்துக்குப் பெயர் பெரும்பாலும் ஒன்றேதான்: 'ஏவிசெக்01'. அக்கா கல்யாணமும் அதே பெயர். தம்பி காதுகுத்தும் அதே பெயர். முதல் தட்டை எடுத்த போல்டரிலேயே இரண்டாவது தட்டையும் போட்டால், "பழையதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா?" என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்கும். படிக்காமல் 'எஸ்' என்று அழுத்தினால் அக்கா கல்யாணம் போய்விடும்! ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனிப் போல்டர் போட்டு, யார் வீட்டு விசேஷம், எந்த ஆண்டு, எத்தனையாவது தட்டு என்று தமிழிலேயே பெயர் எழுதி வையுங்கள்.